வைர ஜிம்மின் தொப்பையும் ப்ராஸ்டேட் ஆபரேஷனும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், அதனால டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. பொட்டி தட்டுற கூட்டத்துல ஒருத்தன். இன்ஜினியரிங் படிச்சுட்டு பகல்ல பக் தேடுறது, ராத்திரியில சரித்திரம் படிக்கிறது, அவ்வளவுதான் நம்ம தகுதி.

மேட்டர் இதுதான். ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆம்பளைங்கள்ல, குண்டா இருக்கறவங்களுக்கு நோய் திரும்பி வர்ற வாய்ப்பு அதிகமா? கேட்டா சின்னக் கேள்வி மாதிரி இருக்கு. ஆனா இந்த ஆபரேஷன் 1904லயே வந்தாச்சு. இந்தக் கேள்விக்கு ஒழுங்கா எண்ணிக்கை வெச்சு பதில் தேட ஆரம்பிச்சது 2000க்கு அப்புறம். நடுவுல கிட்டத்தட்ட 100 வருஷம். எடைங்கறது ஒளிச்சு வெக்கிற விஷயமா என்ன? ஆளு உள்ள நுழையும்போதே தெரியும். அப்படி இருந்தும் அது ஏன் யார் கண்ணுலயும் படலைங்கறதுதான் எனக்கு சுவாரசியமா பட்டது.

தெரியாதவங்களுக்காக ஒரு பாரா. ப்ராஸ்டேட்ங்கறது ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கற ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, இடுப்பெலும்புக்குள்ள ஆழமா, பெரிய நெல்லிக்காய் சைஸ்ல உக்காந்திருக்கும். விந்துல இருக்கற திரவத்துல ஒரு பங்கு இது தர்றது. சிறுநீர் வெளிய வர்ற குழாய் இதுக்கு நடுவாலதான் போகுது. வயசானா இது ரெண்டு விதமா தகராறு பண்ணும். ஒண்ணு, சும்மா வீங்கி குழாயை நெருக்கும், ஒண்ணுக்குப் போறது கஷ்டமாகும். இது கேன்சர் இல்லை. ரெண்டாவது கேன்சர். ரெண்டும் வேற வேறன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, கதைக்குத் தேவைப்படும்.

இப்ப பால்டிமோர் போவோம். அங்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. 1897ல ஹியூ ஹாம்ப்டன் யங்குன்னு ஒரு இளம் டாக்டர் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல வேகமா வந்து, பெரிய சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் மேலயே மோதிட்டார். ஹால்ஸ்டெட் திட்டலை. உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன், சிறுநீரகப் பிரிவை நீதான் பாத்துக்கணும்னு சொல்லிட்டார். எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதேன்னு இவர் முழிக்க, தெரியாதுன்னு எங்களுக்கும் தெரியும், ஆனா கத்துக்குவேன்னு நம்புறோம்னு பதில் வந்துதாம். யங்கே தன்னோட சுயசரிதையில எழுதின கதை. ஜாவா தெரியாதவனை ஜாவா ப்ராஜெக்ட்ல தள்ளிவிடுற மேனேஜர் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுலயே இருந்திருக்காங்க பாருங்க :-)

கத்துக்கிட்டார். எந்த அளவுக்குன்னா, 1904 ஏப்ரல் 7ஆம் தேதி, கேன்சர் வந்த ப்ராஸ்டேட்டை முழுசா எடுக்கற ஆபரேஷனை யங் செஞ்சார். பக்கத்துல உதவிக்கு நின்னது அதே ஹால்ஸ்டெட். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல கீறி, கீழ்ப்பக்கமா உள்ள போற வழி. துணிச்சலான வேலைதான். ஆனா அந்தக் காலத்துல பெரும்பாலான ஆளுங்க வரும்போதே நோய் எலும்பு வரைக்கும் பரவியிருக்கும். ஆபரேஷனுக்குத் தோதான நிலையில வர்றவங்க கொஞ்சம் பேர். அப்படி வந்து பண்ணிக்கிட்டவங்களுக்கும் சிறுநீர் கட்டுப்பாடு போகும், ஆண்மை போகும். இந்த நிலைமையில யார் எவ்வளவு கிலோன்னு கணக்குப் பாத்து அலசறதுக்கெல்லாம் வழியே இல்லை.

இந்த இடத்துலதான் நம்ம ஹீரோ என்ட்ரி.

ஜேம்ஸ் புக்கானன் பிரேடி. நியூயார்க்குல ஏழை ஐரிஷ் குடும்பத்துல 1856ல பொறந்து, ஹோட்டல்ல எடுபிடி வேலை பாத்து, ரயில்வே வேலைக்குப் போய், அப்புறம் ரயில்வே கம்பெனிகளுக்கு சாமான் விக்கிற சேல்ஸ்மேனா கோடிகோடியா சம்பாதிச்ச மனுஷன். விரல், கழுத்துப்பட்டை, சட்டைப் பொத்தான் எல்லாத்துலயும் வைரம். அதனால பேரே 'வைர ஜிம்'. அதைவிட பிரபலம் அவர் சாப்பாடு. ஒரே வேளைக்கு டஜன் டஜனா சிப்பி, நண்டு, இறால், வாத்து, மாட்டிறைச்சி, கடைசியில தட்டு தட்டா இனிப்பு. குடிக்க மட்டும் சாராயம் கிடையாது, கூஜா கூஜாவா ஆரஞ்சு ஜூஸ். இதுல பாதிக்கு மேல பிற்காலத்துல ஊதிப் பெருசாக்கின கதைன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ஆளு பயங்கர குண்டு, பயங்கர சாப்பாட்டு ராமன்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்லை.

50 வயசைத் தாண்டினதும் பிரேடிக்கு ப்ராஸ்டேட் வீங்கி, ஒண்ணுக்குப் போக முடியாம போச்சு. (கேன்சர் இல்லை, வெறும் வீக்கம். மேல சொன்னேன்ல.) கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, நெஞ்சுவலி. பாஸ்டன், நியூயார்க்குல இருந்த டாக்டர்கள் கைய விரிச்சுட்டாங்க. இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுத்துக் கீறினா டேபிள்லயே போயிடுவார்ங்கறது அவங்க பயம். பயம் நியாயமானதுதான். கடைசியில 1912ல பால்டிமோர் வந்தார். யங்குகிட்ட அவரே 1909ல கண்டுபிடிச்ச ஒரு கருவி இருந்துச்சு. வெளிய கீறாம, சிறுநீர்க் குழாய் வழியாவே உள்ள விட்டு, அடைச்சிக்கிட்டு இருக்கற சதையை மட்டும் துண்டா வெட்டி எடுக்கற கருவி. நாம காகிதத்துல ஓட்டை போட பன்ச் வெச்சிருக்கோம்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பேரும் பன்ச்தான். முழு மயக்கம் தேவையில்லை, அந்த இடத்தை மரத்துப்போக வெச்சா போதும். வேலை முடிஞ்சுது, பிரேடி எழுந்து வீட்டுக்குப் போனார்.

சந்தோஷத்துல ஒரு தொகையை எடுத்து நீட்டினார். 2,20,000 டாலர். 1912ல! அதுல கட்டினதுதான் 1915ல திறந்த ஜேம்ஸ் புக்கானன் பிரேடி சிறுநீரக மருத்துவ நிலையம். 1917ல பிரேடி செத்துப்போனார். இன்னிக்கும் ஹாப்கின்ஸ்ல அந்தப் பிரிவுக்கு அவர் பேருதான்.

கவனிச்சீங்கன்னா, குண்டா இருக்கறது ஆபரேஷனுக்கு ஆபத்துன்னு டாக்டர்களுக்கு 1912லயே நல்லாத் தெரியும். ஆனா அவங்க யோசிச்சது ஆபரேஷன் டேபிளைப் பத்தி மட்டும்தான். ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சு கேன்சர் திரும்புமாங்கறதுக்கும் கொழுப்புக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு யாரும் கணக்குப் போடலை. போடவும் முடியாது. அதுக்கு மூணு விஷயம் தேவை. ஆபரேஷன் சுத்தமா நடக்கணும், நோய் திரும்புறதை சீக்கிரமா காட்டிக்குடுக்கற டெஸ்ட் வேணும், குண்டுங்கறதுக்கு எல்லாரும் ஒத்துக்கற அளவுகோல் வேணும். புரொடக்ஷன்ல சர்வரே நிமிஷத்துக்கு ஒரு தடவை விழுந்துக்கிட்டு இருந்தா, ஒரு பக்கம் அரை செகண்ட் மெதுவா வர்றதை யாரு பாக்கப் போறா? அதே கதைதான்.

முதல்ல ஆபரேஷன். 1945ல டெரன்ஸ் மில்லின்ங்கற ஐரிஷ் சர்ஜன், வீங்கின ப்ராஸ்டேட்டை எடுக்க அடிவயிறு வழியா, இடுப்பெலும்புக்குப் பின்னால போற புது வழியை எழுதினார். பின்னாடி கேன்சருக்கும் அதே வழியைப் பிடிச்சாங்க. வழி நல்ல வழி, ஆனா அங்க இருக்கற ரத்தநாளக் கூட்டத்தால ரத்தம் ஆறா ஓடும். சர்ஜனுக்கு ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, கிட்டத்தட்ட தடவித் தடவித்தான் வேலை. 1970கள் வரைக்கும் இதே நிலைமை. ஆண்மை போறது கிட்டத்தட்ட நிச்சயம்ங்கறதால நிறைய பேர் இந்தப் பக்கமே வரலை, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போயிட்டாங்க.

இதை மாத்தினவர் பேட்ரிக் வால்ஷ். எங்க? பிரேடியோட காசுல கட்டின அதே நிலையத்துல. முதல்ல அந்த ரத்தநாளங்கள் எப்படி ஓடுதுன்னு நிதானமா ஆராய்ஞ்சு, கட்டிப்போட வழி கண்டுபிடிச்சார். ரத்தம் குறைஞ்சதும் உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுது. அடுத்தது நரம்பு. 1981 பிப்ரவரி 13, அன்னிக்கு வால்ஷோட பொறந்தநாள். ஹாலந்துல லெய்டன் நகரத்துல பீட்டர் டோங்கர்னு ஒரு ரிட்டையர் ஆன பேராசிரியரைப் பாக்கப் போனார். டோங்கர், செத்துப் பொறந்த ஒரு சிசுவோட உடல்ல பொறுமையா பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தார். பெரியவங்க உடல்ல கொழுப்பும் நாரும் மறைக்கிற நரம்பு, சிசுவோட உடல்ல தெளிவாத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து தேடினதுல, ஆண்மைக்கான நரம்பு ப்ராஸ்டேட்டுக்கு உள்ள போகவே இல்லை, வெளிய ஒட்டினாப்புல ஓடுதுன்னு புரிஞ்சுது. இத்தனை வருஷமா அதை வெட்டிக்கிட்டு இருந்தது தேவையே இல்லாம! அடுத்த வருஷம், 1982 ஏப்ரல் 26ஆம் தேதி, 52 வயசு ஆள் ஒருத்தருக்கு அந்த நரம்பைத் தெரிஞ்சே காப்பாத்தி முதல் ஆபரேஷன் பண்ணினார் வால்ஷ்.

இதுல ஒரு விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. நரம்பைக் காப்பாத்தணும்னா கத்தி ப்ராஸ்டேட்டோட தோலை ஒட்டி, நூலிழையில போகணும். கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா தோல் கிழிஞ்சு, கேன்சர் உள்ளயே தங்கிடும். முன்னெல்லாம் அகலமா வெட்டிக்கிட்டு இருந்தப்ப இல்லாத சிக்கல் இது.

ரெண்டாவது, டெஸ்ட். ப்ராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம் பி.எஸ்.ஏ. 1979ல அமெரிக்காவுல பஃபலோ நகர ரோஸ்வெல் பார்க் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாப் பிரிச்சு எடுத்தாங்க. ஏற்கனவே கேன்சர் இருக்கறவங்களைக் கண்காணிக்க 1986லயும், கண்டுபிடிக்க உதவியா 1994லயும் அமெரிக்க அரசு அனுமதி குடுத்துச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு இது ரொம்ப அழகான டெஸ்ட். சுரப்பியையே எடுத்தாச்சுன்னா பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகணும். அப்புறம் என்னிக்காவது 0.2ஐத் தாண்டினா, எங்கயோ கொஞ்சம் செல் மிச்சம் இருந்து வளர ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். உடம்புல ஒரு அறிகுறியும் தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மணி அடிச்சிடும்.

மூணாவது அளவுகோல். எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுக்கற கணக்கு 1832ல பெல்ஜியத்துக்காரர் கெட்லே சொன்னது. அவர் டாக்டர் இல்லை, வானியலும் புள்ளியியலும் பண்ணவர். அதைத் தூசு தட்டி எடுத்து 1972ல பி.எம்.ஐ.ன்னு பேர் வெச்சவர் ஆன்செல் கீஸ். 175 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர் 92 கிலோ இருந்தா பி.எம்.ஐ. 30, 107 கிலோ இருந்தா 35. தசையா தொப்பையான்னு பி.எம்.ஐ.க்குத் தெரியாதுதான். ஆனா ஆயிரக்கணக்கான ஃபைல்ல உயரமும் எடையும் ஏற்கனவே எழுதியிருக்குமே, அதுல இருந்து எப்ப வேணா கணக்குப் போட்டுக்கலாம்.

மூணும் 1990கள்ல சேர்ந்தது. கூடவே அமெரிக்காவும் குண்டாச்சு. 1976-80 கணக்கெடுப்புல பெரியவங்கள்ல சுமார் 15% பேருக்கு பி.எம்.ஐ. 30க்கு மேல. 1999-2000ல அது 30.5%. ரெண்டு மடங்கு!

2003ல ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு. அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி 1982ல (அதே வால்ஷ் வருஷம்) 9 லட்சம் பேரை எழுதி வெச்சு 16 வருஷம் பின்தொடர்ந்தாங்க. பி.எம்.ஐ. 35ஐத் தாண்டின ஆம்பளைங்களுக்கு, சாதாரண எடைக்காரங்களை விட ப்ராஸ்டேட் கேன்சர்ல சாகற ஆபத்து 34% கூட இருந்துச்சு. சரி, ஆனா ஏன்? தாமதமா கண்டுபிடிச்சதாலயா, சிகிச்சை சரியா நடக்காததாலயா, இல்ல நோயே முரட்டு நோயா? அந்த ஆய்வு அதைச் சொல்லாது.

2004ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களை மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டு ஆய்வு ஒரே பத்திரிகையில வந்தது. ஒண்ணு ராணுவ ஆஸ்பத்திரிகள்ல 3,162 பேர். இன்னொண்ணு முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல 1,106 பேர், ஸ்டீபன் ஃப்ரீட்லாண்ட்ங்கற இளம் டாக்டர் தலைமையில. ராணுவ ஆஸ்பத்திரி ஏன் முக்கியம்னா, பணக்காரன் ஏழைன்னு சிகிச்சையில வித்தியாசம் குறைவு. ரெண்டுலயும் சொன்னது ஒண்ணுதான்: குண்டானவங்களுக்கு நோய் அதிகமா திரும்புது. ஃப்ரீட்லாண்ட் கணக்குல பி.எம்.ஐ. 35க்கு மேல போனவங்ககிட்ட அது தெளிவாவே தெரிஞ்சுது.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. டீபக்கிங்!

முதல் சந்தேகம், சர்ஜன் கை மேல. குண்டானவங்களுக்கு வயித்துக் கொழுப்பு வழியை அடைக்கும், ஏற்கனவே ஆழமான இடம் இன்னும் ஆழமாகும், ரத்தமும் கூட வரும். அங்க நூலிழையில கத்தி ஓட்டணும். ஹாப்கின்ஸ்ல இதை 2005ல ஆராய்ஞ்சு பாத்தாங்க. ஆமா, ப்ராஸ்டேட்டோட தோலைத் தவறுதலா கீறிடறது குண்டானவங்ககிட்ட அதிகமாத்தான் நடந்திருக்கு. அத்தனை கைதேர்ந்த சர்ஜன்கள் இருக்கற இடத்துலயே!

அப்ப பழி முழுக்க கத்தி மேலயா? இல்லை. ஃப்ரீட்லாண்ட் குழு 2004லயே அதுக்கு ஒரு அருமையான வேலை பண்ணியிருந்தாங்க. கேன்சர் சுரப்பிக்குள்ளயே அடங்கியிருந்து, வெட்டின ஓரத்துல ஒரு கேன்சர் செல் கூட இல்லாம சுத்தமா எடுத்தவங்களை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தாங்க. அதாவது சர்ஜன் கை சரியாத்தான் இருந்துச்சுன்னு நிரூபணம் ஆனவங்க. அவங்கள்லயும் பி.எம்.ஐ. 35க்கு மேல இருந்தவங்களுக்கு நோய் கூடுதலா திரும்பியிருந்துச்சு. ஒரு வேரியபிளைப் பிடிச்சு நிறுத்திட்டு மிச்சத்தை ஓட்டிப் பாக்கற நம்ம பழைய டெக்னிக்தான். படிக்கும்போது கைதட்டணும் போல இருந்தது.

ரெண்டாவது சந்தேகம், டெஸ்ட் மேல. குண்டானவங்களுக்கு பி.எஸ்.ஏ. குறைவா காட்டுதுன்னு 2005ல கேன்சர் இல்லாத 2,779 பேர்கிட்ட எடுத்த ஆய்வுல தெரிஞ்சுது. சாதாரண எடைக்காரங்க சராசரி 1.01, ரொம்பக் குண்டானவங்களுக்கு 0.69. ஏன்னு ரெண்டு விதமா சொல்லலாம். குண்டானவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அதனால பி.எஸ்.ஏ.வே கம்மியா சுரக்கலாம். இல்லைன்னா, சுரக்கிறது அதே அளவுதான், ஆனா பெரிய உடம்புக்கு ரத்தம் அதிகம், அதுல கலந்து நீர்த்துப் போகுது. அதே புளி, அதே உப்பு, ரசத்துல மட்டும் ஒரு செம்பு தண்ணி கூட ஊத்தின மாதிரி.

2007ல ட்யூக், ஹாப்கின்ஸ், அந்த முன்னாள் ராணுவத்தினர் கணக்கு மூணையும் சேர்த்து, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட சுமார் 13,600 பேரை எடுத்து இதைச் சரிபார்த்தாங்க. பி.எம்.ஐ. 35க்கு மேல இருந்தவங்களுக்கு ரத்தத்துல இருக்கற திரவம் 21 முதல் 23% கூட. பி.எஸ்.ஏ. அளவு 11 முதல் 21% குறைவு. ரத்தத்துல மொத்தமா எவ்வளவு பி.எஸ்.ஏ. இருக்குன்னு பெருக்கிப் பாத்தா, மூணுல ரெண்டு இடத்துல எடையால வித்தியாசமே இல்லை. ரசம் கட்சி ஜெயிச்சுது!

இது எவ்வளவு பெரிய விஷயம்னு பாருங்க. வழக்கமா 4ஐத் தாண்டினா பயாப்ஸி யோசிப்பாங்க. ஒருத்தருக்கு உண்மையில 4.2 வரவேண்டியது, ரத்தம் 20% கூட இருக்கறதால ரிப்போர்ட்ல 3.5ன்னு வரும். நார்மல்! ஆளு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவார். நோய் மட்டும் உள்ள வளரும். அதுக்கு மேல குண்டானவங்களுக்கு ப்ராஸ்டேட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும்னு ஃப்ரீட்லாண்ட் குழு 2006ல காட்டினாங்க. பெரிய சுரப்பியில ஊசி குத்தினா கேன்சர் இருக்கற இடத்தைத் தவறவிடற வாய்ப்பும் கூட. பிரேடி மாதிரி ஒரு ஆளுக்கு கேன்சர் வந்திருந்தா, டெஸ்டே அவருக்கு எதிரா சதி பண்ணியிருக்கும்.

எங்க சித்தப்பா ஒருத்தர், நூறு கிலோவைத் தாண்டினவர், ஃபுல் பாடி செக்கப் பண்ணிட்டு வந்து பி.எஸ்.ஏ. நார்மல்னு பெருமையா ரிப்போர்ட்டை நீட்டினார். 3.6. "சித்தப்பா, உங்க உடம்புக்கு இதைக் கொஞ்சம் கூட்டித்தான் படிக்கணும், அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது கேளுங்க"ன்னு ரசக் கதையைச் சொன்னேன். "ஏன்டா, கம்ப்யூட்டர் படிச்சவன் எனக்கு வைத்தியம் சொல்றியா"ன்னார். ஆனா கேட்டிருக்கார். ஆறு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். அதை என்கிட்ட சித்தி மூலமாத்தான் சொல்லி அனுப்பினார் :-)

சரி, நீர்த்துப் போன டெஸ்டால தாமதமாகுதுன்னே வெச்சுக்குவோம். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறமும் அதே பி.எஸ்.ஏ.தானே மணி அடிக்கணும்? குண்டானவங்களுக்கு அந்த மணியும் கொஞ்சம் லேட்டாத்தானே அடிக்கும்? அப்படி இருந்தும் அவங்களுக்குத்தான் அதிகமா அடிச்சிருக்குன்னா, உண்மையான வித்தியாசம் நாம பாக்கறதை விட கொஞ்சம் பெருசாவே இருக்கலாம். இது என்னோட யோசனை.

மிச்சம் மூணாவது சந்தேகம், கொழுப்பே கேன்சருக்குத் தீனி போடுதாங்கறது. கொழுப்பு சும்மா கிடக்கற மூட்டை இல்லை. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனா மாத்தும், இன்சுலினை ஏத்தும், உடம்புல மெல்லிசா ஒரு வீக்கத்தை எப்பவும் எரிய விடும். ஹார்மோனுக்கும் இந்தக் கேன்சருக்கும் உறவு இருக்குன்னு 1941ல சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966ல அதுக்கு நோபல் பரிசும் வாங்கினார். அதனால இந்தச் சந்தேகம் ஆகாசத்துல இருந்து குதிச்சது இல்லை. ஆனா மனுஷங்ககிட்ட நிரூபிக்கிறதுதான் பெரும்பாடு.

2011ல ஹாப்கின்ஸ்ல இருந்து கொரின் ஜோஷு, எலிசபெத் ப்ளாட்ஸ் குழு ஒரு கட்டுரை போட்டாங்க. எழுதினவங்கள்ல வால்ஷ் பேரும் இருக்கு, ஃப்ரீட்லாண்ட் பேரும் இருக்கு. இவங்க கேட்ட கேள்வி வித்தியாசமானது. எவ்வளவு எடைன்னு கேக்காம, எடை எப்படி மாறுச்சுன்னு கேட்டாங்க. 1993ல இருந்து 2006 வரைக்கும் ஆபரேஷன் ஆன 1,337 பேர்கிட்ட, ஆபரேஷனுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி என்ன எடை, ஒரு வருஷம் அப்புறம் என்ன எடைன்னு கேட்டு, நோய் யாருக்குத் திரும்புதுன்னு பாத்தாங்க. 102 பேருக்குத் திரும்புச்சு. அந்த இடைவெளியில 2.2 கிலோவுக்கு மேல ஏறினவங்களுக்கு, எடை மாறாதவங்களை விட ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 2.2 கிலோங்க! ஒரு கல்யாண சீசன்ல நாம ஏத்திக்கிறது. (ஞாபகத்துல இருந்து சொன்ன எடைங்கறதை மறக்கக்கூடாது. ஆம்பளைங்க தன் எடையை எவ்வளவு நேர்மையா சொல்வாங்கன்னு நமக்குத் தெரியாததா.)

அதே 2011ல எல்லா ஆய்வையும் கூட்டிப் பாத்த இன்னொரு கட்டுரையில, பி.எம்.ஐ. 5 கூடினா நோய் திரும்புற ஆபத்து 21% கூடுதுன்னு வந்துச்சு. பெரிய பூதமும் இல்லை, ஒதுக்கித் தள்ளற விஷயமும் இல்லை. இதைப் படிச்சுட்டு, உனக்கு நோய் திரும்பினது நீ தின்ன தீனியாலதான்னு யாரையாவது பாத்துச் சொன்னா அது அயோக்கியத்தனம். ஒல்லியானவங்களுக்கும் திரும்புது, குண்டானவங்கள்ல நிறைய பேருக்குத் திரும்பறதே இல்லை.

எதிர்க்கட்சியும் இருக்கு. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒண்ணுல 13,667 பேரோட கணக்கை 2018ல வெளியிட்டாங்க. அதுல பி.எம்.ஐ. கூடினவங்களுக்கு கேன்சர் வேற இடத்துக்குப் பரவுற ஆபத்து குறைவா இருந்துச்சு. தலைகீழ்! அமெரிக்கக் குண்டும் ஜெர்மன் குண்டும் வேறயோ என்னவோ. அமெரிக்க ஆய்வுகள்ல விஷயம் பெரும்பாலும் 35க்கு மேலதான் தெளிவா தெரியுதுங்கறதையும் சேர்த்து யோசிக்கணும். நம்ம ஊர் உடம்புக்கு இன்னொரு சிக்கல். ஆசியாக்காரங்களுக்கு பி.எம்.ஐ. குறைவா இருக்கும்போதே கொழுப்பு அதிகம்னு சொல்லி, 2004ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 23, 27.5னு தனி எல்லை சொல்லிச்சு. அப்ப அங்க 35ல தெரியறது இங்க எத்தனைல தெரியும்? அமெரிக்கக் கணக்கை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணா வேலைக்கு ஆகாது.

கத்திப் பிரச்னைக்கு ஒரு விடிவு ரோபோ வழியா வந்தது. டெட்ராய்ட்ல இந்த ஆபரேஷனை ரோபோ கையால பண்றதை 2000களோட தொடக்கத்துல பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் மணி மேனன். புதுச்சேரி ஜிப்மர்ல படிச்சவர். அப்புறம் எங்க பயிற்சி எடுத்தார் தெரியுமா? ஹாப்கின்ஸ்ல, பிரேடி நிலையத்துல! வைர ஜிம் விட மாட்டேங்கறார். ரோபோவோட மெல்லிசான கை ஆழத்துல போகும், கேமரா பெருசாக்கிக் காட்டும், ரத்தம் குறையும். ஆனா ஆளைத் தலைகீழா சாய்ச்சுப் படுக்க வெக்கணும். தொப்பை மொத்தமும் நுரையீரலை அமுக்கும், மயக்க மருந்து டாக்டருக்கு வேர்க்கும். 1912ல பாஸ்டன் டாக்டர்கள் பயந்த அதே பயம், வேற உருவத்துல.

அப்ப ஆபரேஷனுக்கு முன்னாடியே எடையைக் குறைச்சுட்டா? இதை நேரடியா சோதிச்சுப் பாத்தவங்க அமெரிக்காவுல வெண்டி டெமார்க்-வானஃப்ரீட் குழு. எடை கூடின 40 நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆபரேஷன் வரைக்கும் டயட்டும் உடற்பயிற்சியும். 2017ல முடிவு வந்தது. அந்தப் பாதி சராசரியா 4.7 கிலோ குறைஞ்சாங்க, மத்தவங்க 2.2 கிலோ. ஆனா வெட்டி எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தப்ப, செல் எவ்வளவு வேகமா பெருகுதுன்னு காட்டுற கேஐ-67ங்கற அளவு, எடை குறைச்சவங்களுக்குக் குறையலை. கூடியிருந்துச்சு! அவங்களே எதிர்பார்க்கலை. வேகமா எடை குறையும்போது உடம்புல வேற ஏதோ கலையுதா, இல்ல 40 பேர்ங்கற சின்ன எண்ணிக்கையோட விளையாட்டான்னு அந்த ஒரு சோதனையை வெச்சு யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ்ல 44 பேரை வெச்சு இதே மாதிரி இன்னொரு குழு பண்ணினாங்க. அதுல கேஐ-67 கூடவும் இல்லை, குறையவும் இல்லை.